கயிறு பிடிப்பவரின் சான்றிதழைக் கேளுங்கள்: பாறையேற்றத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2022 நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. கர்நாடகத்தின் ராமநகரத்துப் பாறை ஒன்றின் உச்சியைத் தொட்டுவிட்டு, கயிற்றில் கீழே இறக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். தரைக்கு ஓர் ஆள் உயரத்துக்கும் சற்று மேலே இருக்கையில் கயிறு தீர்ந்துபோனது. கீழே நின்று கயிறு விட்டுக்கொண்டிருந்தவரின் கருவி வழியாக அதன் நுனி நழுவி வெளியேறிவிட்டது. விழுந்ததில் வலது கணுக்கால் எலும்பு முறிந்து, ஆறு வாரம் மாவுக்கட்டோடு கிடந்தேன். அந்த நுனியில் ஒரு முடிச்சு போட்டிருந்தால், அது கருவியில் முட்டி நின்றிருக்கும். முடிச்சுப் போடப் பத்து விநாடி போதும்.

கயிறு பிடித்தவர் ஒரு கல்லூரி மாணவர் என்பதும், பணம் வாங்கி எங்களை அழைத்துப்போன குழுவோடு அவர் வந்தது அது இரண்டாவது முறை என்பதும் பிறகுதான் தெரிந்தது. ‘சான்றிதழ் பெற்ற பயிற்றுநர்கள்’ என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். அது பொய்யில்லை. சான்றிதழ் உரிமையாளரிடம் இருந்தது; அன்றைக்கு அவர் வேறு ஊரில் இருந்தார். அந்த மாணவர்மீது எனக்குக் கோபம் இல்லை. சொல்லிக்கொடுக்காத ஒன்றை அவர் எப்படிச் செய்வார்? எதையும் கேட்காமல் பணம் கட்டிவிட்டுப் போனேனே என்றுதான் மனம் ஆறவில்லை.

கால் சரியாகி மறுபடி பாறையைத் தொட ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குள் யாரிடம் என்ன கேட்பது, எந்தத் தாள் எதற்குச் செல்லும், காப்பீட்டுக்காரர் எதைக் கேட்பார் என்று ஒவ்வொன்றாகத் தெரிந்துகொண்டேன். பெங்களூரில் இருந்துகொண்டு ராமநகரம், சாவனதுர்கா, பாதாமி, ஹம்பி என்று முதல்முறை கிளம்புகிறவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

1. முதல் மாதம் செயற்கைச் சுவரில்

நேராகப் பாறைக்குப் போகாதீர்கள். நகரத்தில் உள்ள செயற்கைச் சுவர் ஒன்றில் நான்கைந்து முறை ஏறுங்கள். நான் போன இடங்களில் கருவி வாடகையோடு ஒரு முறைக்கு 500 முதல் 900 ரூபாய் வரை ஆனது. அங்கே மூன்று விஷயங்கள் கைக்குப் பழகிவிட வேண்டும்: ஹார்னஸை (இடுப்பிலும் தொடையிலும் மாட்டும் பட்டைக்கச்சை) நீங்களே சரியாகக் கட்டிக்கொள்வது, கயிற்றை ‘எட்டு முடிச்சு’ எனப்படும் 8 வடிவ முடிச்சால் ஹார்னஸில் பிணைப்பது, இன்னொருவருக்குக் கயிறு பிடிப்பது. கயிறு பிடிப்பதைத்தான் இந்தத் துறையில் ‘பிலே’ என்கிறார்கள். இந்த மூன்றும் தெரிந்தவர் பாறையடியில் நிற்கும்போது, தன்னைச் சுற்றி நடப்பது சரியா தவறா என்று அவருக்குப் பாதியாவது தெரியும். எனக்கு அன்று எதுவுமே தெரியாது.

ஆனால் சுவரில் தேறிவிட்டால் வெளியிலும் தேறிவிடுவோம் என்று நினைத்துவிடாதீர்கள். சுவரில் மேலே கயிற்றைத் தாங்கும் பிடிமானம் நிரந்தரமாகப் பொருத்தியது, உயரம் அளந்து கட்டியது. பாறையில் அந்தப் பிடிமானத்தை அன்றன்றைக்கு ஒரு மனிதர் அமைக்கிறார். அமைக்கத் தெரிந்த மனிதரைத் தேடுவதுதான் மீதி எல்லாமே.

2. எந்தச் சான்றிதழ் என்ன சொல்கிறது

கார் ஓட்ட லைசென்ஸ் இருப்பதுபோல, பாறையேற்றம் கற்றுத்தர நாடு முழுமைக்கும் கட்டாயமான ஒரே உரிமம் இந்தியாவில் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம், சாகசச் சுற்றுலா நடத்துவோர் சங்கத்தோடு சேர்ந்து 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் பாறையேற்றமும் இருக்கிறது. பயிற்றுநர், கருவி, அவசரகால ஏற்பாடு பற்றியெல்லாம் அது பேசுகிறது. ஆனாலும் அது நெறிமுறைதான். ஆகவே சரிபார்க்கும் வேலை உங்கள் தலையில்தான் விழுகிறது.

நீங்கள் அதிகம் பார்க்கப்போவது மலையேற்ற நிறுவனங்களின் சான்றிதழ்களை. டார்ஜிலிங்கின் இமாலய மலையேற்ற நிறுவனம், உத்தரகாசியின் நேரு மலையேற்ற நிறுவனம், மணாலியிலுள்ள நிறுவனம் ஆகியவை இவற்றில் பெயர்பெற்றவை. படிகளைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது அடிப்படைப் பயிற்சி, ஏறத்தாழ நான்கு வாரம். இதில் பாறை, பனி, உறைபனி மூன்றிலும் தொடக்கப் பாடம் உண்டு. இதை முடித்தவர் மாணவர். அவ்வளவே. இதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் அடுத்ததான மேல்நிலைப் பயிற்சிக்குப் போகலாம். அதுவும் ஏறத்தாழ நான்கு வாரம். அதை முடித்தவர் நன்கு தேறிய மாணவர். அதிலும் ‘ஏ’ கிரேடு வாங்கியவர்களே மூன்றாவது படியான ‘கற்பித்தல் முறை’ பயிற்சிக்குத் தகுதி பெறுகிறார்கள். துறையில் இதை ‘எம்ஓஐ’ என்பார்கள். மற்றவர்களுக்குக் கற்றுத்தரப் பயிற்றுவிப்பது இந்த மூன்றாவது படி மட்டும்தான். தேடல்-மீட்புப் பயிற்சி தனி. அதையும் முடித்திருந்தால் கூடுதல் நம்பிக்கை வைக்கலாம்.

பெரும்பாலோர் ஏமாறுவது இங்கேதான். ‘எங்கள் குழுவில் எல்லோரும் மலையேற்ற நிறுவனத்தில் பயின்றவர்கள்’ என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். ‘எந்தப் பயிற்சி, எந்த கிரேடு, எந்த ஆண்டு?’ என்று கேளுங்கள். நான் விசாரித்த ஆறு குழுக்களில் நான்கின் பதில் அடிப்படைப் பயிற்சியோடு நின்றுவிட்டது.

இன்னொன்றும் உண்டு. எம்ஓஐ மலையேற்றத்துக்கானது. பனிமலையில் பத்தாண்டு வேலை செய்தவருக்கு, கர்நாடகத்துக் கருங்கல்லில் கயிறு அமைத்துப் பழக்கம் இல்லாமல் போகலாம். ஆகவே எம்ஓஐயோடு, இந்தப் பாறைகளில் அவர் எத்தனை பருவங்கள் வேலை செய்திருக்கிறார் என்பதும் தெரிய வேண்டும். இதற்கு நேர்மாறானவர்களும் இருக்கிறார்கள்: பதினைந்து ஆண்டு பாதாமியிலேயே கிடந்து, எந்த நிறுவனத்துக்கும் போகாதவர்கள். அவர்களில் சிலர் உண்மையிலேயே கைதேர்ந்தவர்கள். எனக்குத் தெரிந்தவர்களும் உண்டு. ஆனால் புதிதாக வரும் உங்களுக்கு அதை அளக்க வழியில்லை. எனவே முதல் ஆண்டில் தாள் உள்ளவரிடமே போங்கள்.

பாதாமியிலும் ஹம்பியிலும் வெளிநாட்டுச் சான்றிதழ் வைத்திருப்பவர்களையும் சந்திக்கலாம். பிரிட்டனின் ‘ராக் கிளைம்பிங் இன்ஸ்ட்ரக்டர்’, அமெரிக்காவின் ‘சிங்கிள் பிட்ச் இன்ஸ்ட்ரக்டர்’ இரண்டும் பாறைக்கென்றே தேர்வு வைத்துத் தரப்படுபவை. பிரிட்டன் சான்றிதழுக்கான மதிப்பீட்டுக்கு வருமுன், மேலிருந்து கயிறு இல்லாமல் தானே முன்னின்று ஏறிய பாறைத்தடங்கள் குறைந்தது 40 பதிவேட்டில் இருக்க வேண்டும். அமெரிக்கச் சான்றிதழ் மூன்று ஆண்டுக்கு ஒருமுறை காலாவதியாகும், தேதி பாருங்கள். இரண்டுக்கும் எல்லை உண்டு. ஒரே கயிற்று நீளத்தில் முடிந்துவிடும் பாறைகளுக்கு மட்டுமே அவை செல்லும். சாவனதுர்காவின் நீண்ட சரிவுகளைப் போல, இடையிடையே நிலையமைத்துப் பல கட்டங்களாக ஏறும் பாறைக்கு அந்தத் தகுதி போதாது. அதற்கு மேல்படிச் சான்றிதழ் தேவை. ‘சான்றிதழ் இருக்கிறதா’ என்பதோடு ‘இந்தப் பாறைக்கு அது செல்லுமா’ என்றும் கேட்பது இதனால்தான்.

கடைசியாக முதலுதவி. காட்டுச்சூழலுக்கான முதலுதவிப் பயிற்சியில் இருவகை உண்டு: இரண்டு நாளில் முடியும் சிறியது, ஏறத்தாழ 70, 80 மணி நேரம் நடக்கும் பெரியது. பெரும்பாலும் இரண்டு அல்லது மூன்று ஆண்டில் காலாவதியாகும். ஆம்புலன்ஸ் வந்துசேர ஒரு மணி நேரம் ஆகும் இடத்தில், என் கணுக்காலுக்குச் சிம்பு வைத்துக் கட்டத் தெரிந்த ஒருவர்கூட அன்று இல்லை. இரண்டு பேர் தோளில் தொங்கிக்கொண்டு ஒற்றைக்காலில் இறங்கினேன்.

3. முன்பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்க வேண்டியவை

போனில் பேசாதீர்கள். பேச்சில் எல்லாம் ‘கண்டிப்பாகங்க’ என்றே வரும். மின்னஞ்சலிலோ வாட்ஸ்அப்பிலோ எழுதிக் கேளுங்கள். நான் இப்போது அனுப்பும் செய்தியை அப்படியே தருகிறேன்:

‘வணக்கம். இந்தத் தேதிக்கு இரண்டு பேருக்குப் பதிவு செய்ய விரும்புகிறோம். அன்றைக்குப் பாறையில் எங்களோடு நிற்கப்போகும் தலைமைப் பயிற்றுநரின் பெயர், அவருடைய பயிற்றுநர் சான்றிதழின் நகல், முதலுதவிச் சான்றிதழின் நகல் ஆகியவற்றை அனுப்ப இயலுமா? குழுவில் எத்தனை பேர், எத்தனை பயிற்றுநர்கள், எத்தனை கயிறுகள் என்பதையும் தெரிவிக்கவும். இடத்துக்கான அனுமதி யாரிடம் பெறப்பட்டுள்ளது? விபத்துக் காப்பீடு கட்டணத்தில் அடங்குமா? ஆம் எனில் பாலிசி விவரம் தேவை.’

‘அன்றைக்கு நிற்கப்போகும்’ என்ற சொற்களை விட்டுவிடாதீர்கள். தகுதி நிறுவனத்துக்கு உரியதல்ல, மனிதருக்கு உரியது. எனக்குக் கால் உடைந்தது அந்த இடைவெளியில்தான்.

சான்றிதழ் நகல் வந்ததும் பெயர், பயிற்சியின் எண், தேதி, கிரேடு நான்கையும் பாருங்கள். சந்தேகம் இருந்தால் வழங்கிய நிறுவனத்துக்கு அந்த எண்ணோடு மின்னஞ்சல் அனுப்பிக் கேட்கலாம். பதில் வர நாளாகும். எனக்கு ஒருமுறை பதினோரு நாள் ஆனது. ஆகவே போக நினைக்கும் தேதிக்கு மூன்று வாரம் முன்பே தொடங்குங்கள். பிரிட்டன், அமெரிக்கச் சான்றிதழ் என்றால், வழங்கும் அமைப்பின் இணையதளத்திலேயே பெயரைத் தேடிப் பார்க்கும் வசதி இருக்கிறது. ஐந்து நிமிட வேலை.

பதில் எப்படி வருகிறது என்பதையும் கவனியுங்கள். நல்ல பயிற்றுநர் இந்தக் கேள்விகளால் மனம் நோக மாட்டார். இப்போது நான் போகும் பயிற்றுநர் ஒரு பெண்மணி. என் செய்தி கிடைத்த அன்றே மூன்று நகல்களை அனுப்பியதோடு, ‘உங்களுக்கு என்ன தெரியும், முன்பு அடிபட்டிருக்கிறதா, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா’ என்று திருப்பிக் கேட்டார். ‘இத்தனை வருடத்தில் யாரும் இப்படிக் கேட்டதில்லை’ என்று பதில் வந்தால் நன்றி சொல்லிவிட்டு விலகிவிடுங்கள்.

ஆள் கணக்குக்கு நான் வைத்திருக்கும் அளவு இது: தகுதியுள்ள ஒரு பயிற்றுநருக்கு ஐந்து, ஆறு புதியவர்கள், ஒரு பயிற்றுநர் நேரடியாகப் பார்த்துக்கொள்ளும் கயிறுகள் இரண்டுக்கு மேல் கூடாது. முப்பது பேரைப் பஸ்ஸில் ஏற்றி வந்து மூன்று கயிறு தொங்கவிடும் குழுவில் சேராதீர்கள்.

4. இடத்துக்கு அனுமதி

இதைப் பயிற்றுநர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். ஆனாலும் நீங்கள் தெரிந்துவைத்திருங்கள். காட்டுக்குள் இருக்கும் பாறைக்கு வனத்துறையின் அனுமதி வேண்டும். ராமநகரத்தின் ராமதேவர பெட்டா பாறு கழுகுகளுக்கான சரணாலயமாக 2012-இல் அறிவிக்கப்பட்டது. பழைய படங்களைப் பார்த்துவிட்டு அங்கே ஏறலாம் என்று கிளம்பாதீர்கள். பாதாமியிலும் ஹம்பியிலும் பாறைக்குப் பக்கத்திலேயே தொல்லியல் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்கள் இருக்கின்றன. அந்த எல்லைக்குள் கயிறு கட்டக் கூடாது. எங்கள் திண்டுக்கல் மலைக்கோட்டையும் அப்படித்தான்; சிறுவயதில் பார்த்துப் பார்த்து ஏங்கிய பாறை என்றாலும் தொட முடியாது.

தமிழ்நாட்டில் 2018 மார்ச்சில் குரங்கணித் தீ விபத்துக்குப் பிறகு காட்டுக்குள் மலைநடைக்கான விதிகள் கடுமையாகிவிட்டன. காட்டின் வழியே நடந்துதான் பாறையை அடைய முடியும் என்றால் அந்த விதிகள் உங்களுக்கும் பொருந்தும். அனுமதி இல்லாத இடத்தில் அடிபட்டால் காப்பீடும் கைவிடலாம், போலீஸ் விசாரணையும் சேர்ந்துகொள்ளலாம்.

5. செலவு

ஒருநாள் பயிற்சிக்கு, ராமநகரம் பக்கம், நான் கொடுத்தது தலைக்கு 1,800 முதல் 3,500 ரூபாய் வரை. 900 ரூபாய்க்கும் ஆள் கிடைக்கிறது. ஆனால் நல்ல கயிறு ஒன்றின் விலை 12,000 ரூபாய்க்கு மேல். முன்னின்று ஏறுவோரின் விழுதலைத் தாங்கிய கயிற்றைக் காலாகாலத்தில் மாற்றியாக வேண்டும். அந்தக் கணக்கு 900 ரூபாயில் அடங்காது.

முதல் ஆறு மாதம் காலணி தவிர எதையும் வாங்காதீர்கள். காலணி 6,000 ரூபாயிலிருந்து கிடைக்கிறது. அடுத்தது ஹெல்மெட், பிறகு ஹார்னஸ், பிறகு பிலே கருவி. மூன்றும் சேர்ந்து எனக்கு 14,000 ரூபாய் ஆனது. ஹெல்மெட் வாங்கும்போது உள்ளே ‘இஎன் 12492’ என்ற முத்திரையைப் பாருங்கள். கட்டட வேலைக்கான ஹெல்மெட் ‘இஎன் 397’ தரம். அதன் தாடைப்பட்டை குறைந்த இழுப்பிலேயே கழன்றுகொள்ளும்படி செய்யப்பட்டது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் இதற்கு உதவாது.

பழைய கருவியை யாரிடமும் வாங்காதீர்கள். காராபினர் (கயிறு மாட்டும் உலோகக் கொக்கி வளையம்) போன்ற உலோகப் பொருளுக்கு மட்டும் தேய்மானம் பார்த்தால் போதும். ஹார்னஸ், கயிறு, நாடா வளையங்கள் எல்லாம் நூலால் ஆனவை. பயன்படுத்தாமல் வைத்திருந்தாலும் தயாரித்த தேதியிலிருந்து 10 ஆண்டுதான் ஆயுள் என்று பெட்ஸல் போன்ற கருவித் தயாரிப்பு நிறுவனங்கள் சொல்கின்றன. ஹார்னஸின் உட்பக்கத்தில் தைத்த சிறு துணிச்சீட்டில் ஆண்டு இருக்கும். வாடகைக்குத் தந்த ஹார்னஸில் அந்தச் சீட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். வெளுத்து, எழுத்தே தெரியாமல் போயிருந்தால் அது எத்தனை வெயில் பார்த்தது என்று புரிந்துவிடும்.

6. காப்பீடும் கையெழுத்தும்

அலுவலகத்தில் குழுக் காப்பீடு இருக்கிறதே என்று நான் நிம்மதியாக இருந்தேன். மருத்துவமனையில்தான் விஷயம் தெரிந்தது. இந்தியாவின் மருத்துவக் காப்பீட்டுப் பாலிசிகளில் ஒரே வாசகமாக்கப்பட்ட விலக்குகள் உண்டு. அவற்றில் 09 என்ற குறியீடு சாகச விளையாட்டுகளுக்கானது. பாறையேற்றம், மலையேற்றம் இரண்டின் பெயரும் அதில் நேராகவே இருக்கிறது. ஆனால் அந்த விலக்கு ‘தொழில்முறையாகப் பங்கேற்பவருக்கு’ என்றுதான் சொல்கிறது. பணம் கட்டிக் கற்க வந்தவர் தொழில்முறைக்காரர் அல்ல. இதை நிரூபிக்க என்னிடம் இருந்தவை இரண்டே: பணம் செலுத்திய யுபிஐ ரசீது, ‘தொடக்கநிலையாளருக்கான ஒருநாள் பயிற்சி’ என்று எழுதியிருந்த பதிவு உறுதிச் செய்தி. முதலில் நிராகரித்தவர்கள், அவற்றோடு ஒரு கடிதம் எழுதியபின் ஏழு வாரம் கழித்துப் பணம் தந்தார்கள்.

ஆகவே பாறைக்குப் போகுமுன் உங்கள் பாலிசியில் அந்தப் பத்தியைத் தேடிப் படியுங்கள். தனிநபர் விபத்துப் பாலிசி வேறு வகை. அதன் விலக்குப் பட்டியல் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். ‘பயிற்றுநரின் மேற்பார்வையில், பொழுதுபோக்காகப் பாறையேறும்போது விபத்து நேர்ந்தால் பாலிசி செல்லுமா?’ என்று மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்துக்கொள்ளுங்கள்.

இனி பொறுப்பு விலக்குப் படிவம். காலை ஆறு மணிக்கு, பஸ்ஸுக்குள், ஒரு பேனாவைச் சுற்றில் விட்டு எல்லோரிடமும் கையெழுத்து வாங்குவார்கள். முதல் நாளே அனுப்பச் சொல்லிப் படித்துப் பாருங்கள். இயல்பான ஆபத்தை ஏற்கிறேன் என்று எழுதியிருந்தால் அது நியாயம்; பாறையில் கல் உருளத்தான் செய்யும். ‘எங்கள் கவனக்குறைவுக்கும் நாங்கள் பொறுப்பல்ல’ என்று இருந்தால் அந்த வரியை அடித்துவிட்டுக் கையெழுத்திடலாமா என்று கேளுங்கள். கையெழுத்துப் போட்டுவிட்டதாலேயே சேவைக் குறைபாட்டுக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகும் உரிமை போய்விடாது. படிவத்தின் நகல் ஒன்றைக் கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

18 வயது நிறையாதவரை அழைத்துப் போனால் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் தேவை. அடையாள அட்டை எண், இரத்தப்பிரிவு, ஒவ்வாமை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் நான்கையும் ஒரே தாளில் எழுதிப் பையின் மேலறையில் வைக்கச் சொல்கிறார் என் பயிற்றுநர். எல்லோருடைய தாளும் அந்த ஒரே இடத்தில்தான் இருக்கும்.

7. மாதமும் மணியும்

ஏற ஏற்ற காலம் அக்டோபர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை. மார்ச் தொடங்கினால் பத்து மணிக்கே கருங்கல் சுடும். வியர்த்த கையும் சூடேறிய காலணியும் பிடிக்காது. மழைக்காலத்தில் பாறைமேல் படியும் பாசி காய்ந்தாலும் வழுக்கும். பாதாமி மணற்கல். நனைந்த மணற்கல் வலுவிழந்து, பிடித்த முனை கையோடு வந்துவிடலாம். மழை பெய்தால் அது நன்றாகக் காயும்வரை ஏறக் கூடாது. பயிற்றுநர் ‘ஒன்றும் ஆகாது’ என்றாலும் மறுத்துவிடுங்கள்.

இரண்டு வார்த்தை தேனீயைப் பற்றி. நம் பக்கத்துக் குன்றுகளில் மலைத்தேனீயின் பெரிய கூடுகள் பாறை விளிம்புகளுக்கடியில் கரும்பலகைபோலத் தொங்கும். கயிற்றில் தொங்குபவர் தேனீ வந்தால் ஓட முடியாது. ஏறும் தடத்துக்கு அருகில் கூடு இருந்தால் அன்றைக்கு அந்தத் தடம் இல்லை, அவ்வளவுதான். வாசனைத் திரவியம் வேண்டாம், புகை வேண்டாம், கூச்சல் வேண்டாம். தேனீக்கொட்டு ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரிடம் கேட்டு மருந்தோடுதான் வர வேண்டும்.

8. பாறையடியில் முதல் இருபது நிமிடம்

இதுவரை சொன்னதெல்லாம் தாள். இனி கண். பயிற்றுநர் மேலே பிடிமானம் அமைத்து முடித்ததும், பார்க்கலாமா என்று கேளுங்கள். விளிம்பிலிருந்து தள்ளி நின்று, அவர் சொல்லும் எல்லைக்குள், பாருங்கள்.

கயிறு தொங்கும் புள்ளியைத் தாங்க, ஒன்றையொன்று சாராத இரண்டு பிடிமானமாவது இருக்க வேண்டும். வேரோடிய பச்சை மரம், அசையாத பெரும்பாறை, பாறையில் அடித்த போல்ட் எதுவானாலும் சரி. ஒன்று போனாலும் மற்றது தாங்க வேண்டும். போல்ட் கையால் திருகினால் சுழல்கிறதா, துரு வழிந்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டிலிருந்தும் வரும் நாடாக்கள் சேருமிடத்தில் உள்ள கோணம் குறுகலாக இருக்க வேண்டும். 60 பாகையில் ஒவ்வொன்றின் மேலும் மொத்தச் சுமையில் சுமார் 58 சதவீதம் விழும். 120 பாகைக்கு விரிந்துவிட்டால் ஒவ்வொன்றும் முழுச் சுமையையும் தாங்க வேண்டிவரும். இரண்டு கட்டியதன் பயன் பாதி போய்விடும்.

ஏறுபவரின் கயிறு காராபினர் வழியாக ஓட வேண்டும். நாடா வளையத்தின் வழியாக நேரே கயிற்றை ஓடவிட்டால் உராய்வுச் சூட்டில் நாடா உருகி அறுந்துபோகும். விளிம்பில் கயிறோ நாடாவோ உராயும் இடத்தில் கெட்டித் துணி விரித்திருக்க வேண்டும். காராபினரின் பூட்டு திருகி மூடியிருக்க வேண்டும். அதன் உடம்பில் கிலோநியூட்டன் கணக்கில் எண்கள் பொறித்திருக்கும்; நீளவாக்கில் 20-க்கு மேல், குறுக்கே 7 அளவில். ஒரே காராபினர் குறுக்காகத் திரும்பிவிட்டால் தாங்கும் திறன் மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது என்று அந்த எண்களே சொல்கின்றன.

பின்பு கீழே, ஒவ்வொருவரும் ஏறுமுன் இருவர் ஒருவரையொருவர் தொட்டுப் பார்க்க வேண்டும்:

- ஹார்னஸ் இடுப்பெலும்புக்கு மேலே, இறுக்கமாக இருக்கிறதா. பக்கிளில் பட்டை முழுதாக மடங்கியிருக்கிறதா.
- எட்டு முடிச்சு ஹார்னஸின் இரண்டு வளையத்தின் வழியாகவும் போகிறதா. மிச்ச நுனி ஒரு சாண் அளவாவது நீண்டிருக்கிறதா.
- பிலே கருவியில் கயிறு சரியான பக்கம் போயிருக்கிறதா. அதன் காராபினர் பூட்டியிருக்கிறதா.
- கயிற்றின் அந்தக் கோடியில் முடிச்சு இருக்கிறதா.

கடைசி வரியைப் பட்டியலில் பலர் சேர்ப்பதில்லை. 60 மீட்டர் கயிறு மேலே போய்த் திரும்பி வருவதால், 30 மீட்டர் உயரத்துக்குத்தான் செல்லும். முடிச்சுகளும் பிடிமானமும் தின்றது போக இன்னும் குறையும். ஒரு கோடியை வெட்டி நீக்கிய பழைய கயிறாக இருந்தால் அதன் நீளம் யாருக்கும் தெரியாது. எனக்கு நேர்ந்தது அப்படித்தான்: 50 மீட்டர் என்று எல்லோரும் நம்பிய கயிறு, பின்பு அளந்தபோது 46.

கயிறு பிடிப்பவரின் கையையும் பாருங்கள். கருவிக்குக் கீழே வரும் கயிற்றில் ஒரு கை எப்போதும் இருக்க வேண்டும். போன் வந்தாலும், கொசு கடித்தாலும். அந்தக் கை விடுபடுவதைக் கண்டால் யார் என்று பார்க்காமல் சத்தமாகச் சொல்லுங்கள். புதியவர் ஒருவர் கயிறு பிடித்தால், அவருக்குப் பின்னால் தளர்கயிற்றைப் பிடித்தபடி இன்னொருவர் நிற்க வேண்டும்.

ராப்பெல்லிங், அதாவது கட்டிய கயிற்றில் கருவி மாட்டித் தானே கீழே இறங்குவதாக இருந்தால் இரண்டு கயிற்று நுனியிலும் முடிச்சு வேண்டும். கை தவறினாலும் நிறுத்தும் துணைமுடிச்சோ, மேலிருந்து தனிப் பாதுகாப்புக் கயிறோ வேண்டும். இது ஏறுவதைவிட எளிது என்று நினைத்துப் பலர் அலட்சியமாக இருக்கிறார்கள். ஏறும்போது கைகாலும் பாறையைப் பற்றியிருக்கும். இறங்கும்போது முழு எடையும் கருவியில்.

ஏதாவது ஒன்று சரியில்லை என்று பட்டால் ஏறாதீர்கள். பணம் போனால் போகட்டும். பத்துப் பேர் பார்க்கிறார்களே என்ற கூச்சம் என்னை அன்று தடுத்தது. முடிச்சே இல்லாத அந்த வெறும் நுனியைப் பாறையடியில் மணலில் கிடக்கப் பார்த்தேன். கேட்டால் என்ன நினைப்பார்களோ என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

9. அடிபட்டுவிட்டால்

112-க்கோ 108-க்கோ அழையுங்கள். அழைப்பவர் பாறையின் பெயரைச் சொல்லி நிறுத்தாமல், வாகனம் வந்து நிற்கக்கூடிய சாலை முனை எது என்று சொல்ல வேண்டும். அந்த முனையைக் காலையில் நடந்து வரும்போதே கைபேசி வரைபடத்தில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒருவரை அங்கே நிற்க அனுப்புங்கள். கழுத்திலோ முதுகிலோ அடி என்று சந்தேகம் இருந்தால், கல் விழும் ஆபத்து போன்ற உடனடிக் காரணம் இல்லாமல் நகர்த்தாதீர்கள். மயங்கி ஹார்னஸில் தொங்குபவரைத் தாமதமின்றிக் கீழே இறக்க வேண்டும். அசைவின்றித் தொங்கினால் இரத்த ஓட்டம் பாதிக்கும்.

மருத்துவமனையில் விபத்து எப்படி நடந்தது என்று எழுதுவார்கள். உள்ளதை அப்படியே சொல்லுங்கள். என்னோடு வந்த ஒருவர் நல்லெண்ணத்தில் ‘படியில் விழுந்தார்’ என்று எழுதச் சொன்னார். நல்லவேளையாக நான் மறுத்தேன். பின்னர் காப்பீட்டுக்காரர்கள் முதலில் கேட்ட தாள் அதுதான். மாறுபட்டிருந்தால் அத்தோடு முடிந்திருக்கும்.

அன்றைக்கே சேர்த்துவைக்க வேண்டியவை: பணம் கட்டிய ரசீது, பதிவு உறுதிச் செய்தி, நீங்கள் கேட்ட கேள்விகளும் அவர்கள் தந்த பதில்களும், விலக்குப் படிவத்தின் படம், கயிறும் பிடிமானமும் இருந்தபடியே எடுத்த படங்கள், உடனிருந்த இரண்டு பேரின் தொலைபேசி எண், மருத்துவமனையின் முதல் குறிப்பு. காப்பீட்டு நிறுவனத்துக்கு எத்தனை மணி நேரத்துக்குள் தகவல் சொல்ல வேண்டும் என்பது பாலிசியில் இருக்கும். வீட்டில் ஒருவரிடம் அந்த வேலையை ஒப்படையுங்கள்.

சேவைக் குறைபாடு என்று புகார் செய்வதானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தொடங்கலாம். ஆணையத்தில் வழக்குத் தொடுக்க, காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டதாக இருந்தால் மாவட்ட ஆணையத்தில் மனுக் கட்டணம் கிடையாது. இணையவழியாகவே தாக்கல் செய்யலாம். நான் வழக்குப் போடவில்லை. குழுவின் உரிமையாளருக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் கடிதமாக எழுதி, எல்லாக் கயிறுகளையும் அளந்து நீளத்தை நுனியில் குறிக்க வேண்டும் என்று கேட்டேன். இரண்டு மாதம் கழித்து, நுனியில் மீட்டர் கணக்கு எழுதிய வெள்ளைப் பட்டை ஒட்டி, பக்கத்திலேயே முடிச்சுப் போட்ட ஐந்து கயிறுகளின் படம் வந்தது.